மூன்றாம் விதி

மூன்றாவது தடவையாக அழுத்தினான். விரலில் ஒட்டியிருந்த மெழுகு போன் திரை முழுக்க இளஞ்சிவப்பாக இழுபட்டதே தவிர செய்தி போகவில்லை. விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு நாலாவது தடவை அழுத்தினான். போனது.

மணி மூன்று ஐம்பது. ஆறு மணிக்கு எல்லாம் அழிந்துவிடும்.

'உறுப்பினர்களுக்கு வணக்கம். இன்று மாலை ஆறு மணிக்குள் சர்வர் கட்டணம் கட்டாவிட்டால் நம் மன்றம் நிரந்தரமாக அழிக்கப்படும். பதினோரு வருடப் பேச்சும் அதோடு போய்விடும். உங்களால் முடிந்ததை அனுப்புங்கள். கைகூப்பிக் கேட்கிறேன். - காவலாளி.'

எழுதியது என்னவோ அவன்தான். ஆனால் திரையில் பார்த்தபோது 'கைகூப்பி' என்ற இடத்தில் கண் தடுக்கி விழுந்தது.

"என்ன வாத்தியாரே, மேல் வரிசைப் பல்லைக் கீழ் வரிசைல பதிச்சுட்டு உக்காந்திருக்கீங்க? இதை மாட்டிட்டுப் பெரியவர் சிரிச்சா தலைகீழாத் தெரியணுமா?"

மெருகுக்கார அக்காதான். பல்செட் செய்யும் அந்த இரண்டாம் மாடி அறையில் வேலை செய்வது இவர்கள் இரண்டே பேர். அவன் மெழுகில் பல் பதித்து அச்சு எடுப்பான். அக்கா சுழலும் தூரிகையில் அதைப் பிடித்து மெருகேற்றுவாள். பிளாஸ்டர் தூள் இருவர் தலையிலும் ஒரே மாதிரி படிந்து, வயது வித்தியாசத்தையே அழித்திருந்தது.

குனிந்து பார்த்தான். அக்கா சொன்னது சரிதான். முன்பல் இரண்டும் தப்பான தாடையில் நின்றன. கத்தியைச் சுடவைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"மன்றம் போகப்போகுதுக்கா."

"எது? அந்தச் சாமிச் சண்டையா?"

அக்காவுக்கு அது சாமிச் சண்டை. அவன் பதினோரு வருடம் முன்பு இணையத்தில் தொடங்கியபோது அதற்கு 'உண்டா இல்லையா' என்று பேர் வைத்தான். கடவுளை நம்புகிறவர், நம்பாதவர், பாதி நாள் மட்டும் நம்புகிறவர் என்று எல்லா மதத்தாரும் எந்த மதமும் இல்லாதவரும் வந்து வாதம் செய்தார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாம் புனைபெயர்தான். இவன் அங்கே காவலாளி. வசவு எழுதினால் நீக்குவான், எல்லை மீறினால் தடை போடுவான்.

நாத்திகர் அணிக்குத் தலைவி மிளகாய். அவள் எழுதினால் நாலு பேர் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் திரும்பி வருவார்கள். கப்பல்காரர் என்று ஒருவர், சரக்குக் கப்பலில் சமையல். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. அவர் எழுதுவதெல்லாம் ஆப்பிலேயே காத்துக்கிடந்து, கப்பல் துறைமுகத்தைத் தொட்டதும் தானாகப் பாய்ந்துவரும். மூன்று வாரம் முன்பே சமாதானமான சண்டையில் புதிதாக வந்து, "நான் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்பார். மன்றமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன வருடம் அவன் தம்பி இறந்தபோது இந்த ஆட்கள்தான் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். வீட்டில் மனைவிகூட, "மூணு வருஷமா மூஞ்சி பாக்காத தம்பிக்கு இப்ப என்ன இவ்வளவு அழுகை?" என்று கேட்டுவிட்டாள். மன்றத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நாற்பது நாள் யாராவது ஒருவர் கூடவே இருந்தார்கள். 'கடவுள் இருந்தால் ஏன் இப்படி?' என்று அவன் எழுதியதற்கு மிளகாய், 'இன்னிக்கு நான் உங்களோட வாதம் பண்ணல அண்ணா, சாப்பிட்டீங்களா?' என்று மட்டும் பதில் போட்டிருந்தாள். அந்த நாற்பது நாளும் அந்த சர்வரில்தான் இருக்கிறது. அது போனால் அவனுக்குப் போக இடமில்லை. பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை.

"ஏன், நீங்களே கட்டிட வேண்டியதுதானே? வருஷா வருஷம் கட்டுவீங்களே."

"அஞ்சு மடங்கு ஏத்திட்டான். என் மூணு மாசச் சம்பளம். நோட்டீஸ் அனுப்பிருக்கான், குப்பை மெயில்ல போய்க் கிடந்திருக்கு. இன்னிக்கு மதியம்தான் பாத்தேன். மொத்தத்தையும் இறக்கி வெக்கலாம்னா ரெண்டு நாள் ஆகும்."

"கம்பெனிக்காரன்கிட்ட கெஞ்சிப் பாக்கிறது?"

பார்த்தாயிற்று. மதியமே போன் போட்டான். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். "ரெண்டே ரெண்டு நாள் டைம் குடுங்கம்மா" என்றான். "சாரி சார். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் சார்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தான்.

எரிச்சல் அவள் மேல் இல்லை. அது அவனுடைய வசனம். 'சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்' என்று மன்றத்தில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறான். வீட்டிலும் அதே பேச்சுதான். அப்பா இறந்த அன்று எல்லோரும் கும்பிட்டு நின்றபோது தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எனக்கு நம்பிக்கை இல்லண்ணே, நடிக்க வரல" என்றான். "இந்த வீட்டுக்குள்ள கும்பிடாதவனுக்கு இடமில்ல. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்று அண்ணனான இவன் சொன்னான். தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான். அடுத்த தடவை அண்ணன் அவனைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், போர்த்திய துணியை விலக்கி.

மணி நாலரை. நன்கொடைப் பக்கத்தில் பச்சைக் கோடு நகர்கிறதா என்று பார்த்தான். நூற்றுக்கு ஏழு. மூன்றே பேர்.

உள்ளே இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாரும் எழுதவில்லை. பிறகு மிளகாய் எழுதினாள்.

'காவலாளி அண்ணா, மன்ற விதி மூணு என்னன்னு கொஞ்சம் சொல்றீங்களா?'

அவனுக்குக் காது சூடானது. விதி மூன்று அவன் எழுதியது. 'இங்கே யாரும் யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் நிரந்தரத் தடை.'

'மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். மின்மினின்னு ஒருத்தர் இருந்தாரே. ஆபரேஷனுக்கு உதவி வேணும்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. நாலு நிமிஷத்துல தூக்கி எறிஞ்சீங்க. இப்ப நீங்க கேக்கறீங்க. உங்களை யார் தூக்கறது?'

அதற்குக் கீழே மளமளவென்று கைதட்டல்கள். 'நானும் அன்னிக்கே சொன்னேன்' என்றார் ஒருவர். 'மின்மினி இல்லாம நாத்திகர் அணி செத்துப்போச்சு' என்றார் ஒரு பரம பக்தர். கடைசியில் மிளகாய் முடித்துவைத்தாள்.

'காசு ரெடியா இருக்கு. முதல்ல மின்மினிகிட்ட மன்னிப்பு கேளுங்க. தடையை எடுங்க. அவரு திரும்ப உள்ள வரட்டும். அடுத்த நிமிஷம் நாங்க கட்டறோம்.'

போனைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

சொன்னான். அக்கா மெருகு இயந்திரத்தை நிறுத்தினாள். அறையில் திடீரென்று தெருச் சத்தம் கேட்டது.

"அட, சட்டம் போட்ட ஆளே இப்பத் தட்டைத் தூக்கிட்டு நிக்கிறீங்க. இதுல ரோஷம் வேறயா?"

"ரோஷம் இல்லக்கா. அதுக்கு முன்னாடி ஒருத்தன் கேன்சர்னு சொல்லி எல்லார்கிட்டயும் வாங்கினான். ஆறு மாசம் கழிச்சுப் புதுக் காரோட போட்டோ போட்டான். அதுக்கப்புறம்தான் அந்த விதி."

"சரி, அவன் புளுகன். இந்த மின்மினியும் புளுகன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"விசாரிச்சீங்களா?"

"இல்ல."

"நாலு நிமிஷத்துல பல்லுக்கு மஞ்சள்நிறமா வெள்ளைநிறமான்னுகூட முடிவு பண்ண மாட்டீங்க நீங்க. அன்னிக்கு மட்டும் என்ன அவசரம்?"

அன்றைக்கு அந்த மின்மினி மேல் அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு இருந்தது. வாதத்தில் ஒருநாளும் அவனை ஜெயிக்க முடிந்ததில்லை. மரியாதையாகவே பேசுவான், மரியாதையாகவே மடக்குவான். அப்படிப்பட்டவன் கை நீட்டியபோது ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

மேசை இழுப்பறைக்குள் விர்ரென்று ஒரு சத்தம்.

"உங்க தம்பி போனு" என்றாள் அக்கா. "இன்னுமா அதைச் சார்ஜ்ல போட்டு வெச்சிருக்கீங்க?"

"பேங்க் கணக்கை மூட ஓடிபி அதுலதான் வரும்."

"கணக்கு மூடி எட்டு மாசம் ஆச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

உண்மைதான். ஆஸ்பத்திரியில் அந்த போனைக் கையில் கொடுத்தபோது இரண்டு சதவீதம் இருந்தது. தம்பி அங்கே கிடக்க, இவன் சார்ஜர் தேடி மாடி மாடியாக ஓடினான். அன்றிலிருந்து ஒரு நிமிடம்கூட அணையவிடவில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறான். பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. விளம்பரம் ஏதாவது வந்தால் ஒளிரும், அவ்வளவுதான். இழுப்பறையைத் திறந்து பார்த்தான். ஏதோ செருப்புக் கடைத் தள்ளுபடி. மூடினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா அவன்." இதை அவன் சொல்வது இது ஐந்நூறாவது தடவை இருக்கும். "ஒரே ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லண்ணே, காசு வேணும்ணேன்னு. வீட்டை வித்தாவது கட்டியிருப்பேன். சொல்லாமயே போய்ட்டான். அவ்வளவு ரோஷம்."

"அண்ணனுக்குத் தம்பிதானே" என்றாள் அக்கா. பிறகு குரலை இறக்கி, "அது முடிஞ்சுபோச்சு. இதை முடிக்காதீங்க. அந்த ஆளு எங்கயோ உசுரோட இருந்தா, மன்னிப்புக் கேக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கே" என்றாள்.

மணி ஐந்து இருபது. கோடு நூற்றுக்கு எட்டு.

ஐந்து நாற்பது. எட்டு.

பெரியவரின் பல் வரிசை அவன் முன்னால் மெழுகு ஈறோடு இளித்துக்கொண்டு இருந்தது. கத்தி நழுவி முன்பல் ஒன்று சிதறித் தரையில் உருண்டது. எடுக்கவில்லை. போனை நிமிர்த்தினான்.

'மின்மினி அவர்களே. அன்று நான் விசாரிக்காமல் தடை போட்டேன். சட்டம் காரணமில்லை. உங்களை வாதத்தில் ஜெயிக்க முடியாத கோபம்தான் காரணம். உங்கள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். எங்கிருந்தாலும் திரும்பி வாருங்கள். மன்னித்துவிடுங்கள். - காவலாளி.'

அனுப்பினான். தடைப் பட்டியலைத் திறந்தான். மின்மினியின் பேருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கட்டத்தைத் தொட்டான். 'தடையை நீக்கவா?' என்று கேட்டது. ஆம்.

மணி ஐந்து நாற்பத்தாறு.

பச்சைக் கோடு துள்ளியது. இருபது. முப்பத்தைந்து. மிளகாய் தன் பங்கைக் கட்டிவிட்டு, 'இதுதான் எங்க அண்ணன்' என்று எழுதினாள். கப்பல்காரர் ஏதோ துறைமுகத்தில் இருந்திருக்கிறார், அதிசயமாக நேரத்துக்கு வந்து இரண்டு பங்கு கட்டினார். எழுபது. எண்பத்தெட்டு.

"அக்கா, வந்துருச்சு!" என்று கத்தினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அக்கா பார்த்தாள்.

இழுப்பறைக்குள் விர்ர்ர்.

"செருப்புக் கடைக்காரன் உங்களை விடமாட்டான் போலிருக்கு" என்றாள் அக்கா.

சிரித்துக்கொண்டேதான் இழுப்பறையை இழுத்தான். பூட்டிய திரையில் வெளிச்சம். செருப்புக் கடை இல்லை.

'உண்டா இல்லையா: உங்கள் மீதான தடை நீக்கப்பட்டது. மீண்டும் வருக, மின்மினி.'

படித்தான். புரியவில்லை. மறுபடி படிப்பதற்குள் அதன் கீழே இன்னொரு வரி முளைத்தது.

'காத்திருந்த ஒரு செய்தி அனுப்பப்பட்டது.'

"வாத்தியாரே? என்ன ஆச்சு? ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?"

மேசைமேல் அவனுடைய போன் அதிர்ந்தது. 'நூறு! மன்றம் பிழைத்தது!' என்று யாரோ கூவினார்கள். அதற்கும் மேலே மிளகாய், 'வந்துட்டாரு! மின்மினி வந்துட்டாரு பாருங்க!' என்று எழுதியிருந்தாள். இருநூற்றுச் சொச்சம் பேரும் கைதட்டிக்கொண்டு இருந்தார்கள். இன்னும் யாரும் படித்திருக்கவில்லை.

அவன் படித்தான். தடை விழுந்த அன்றைக்கு, விழுந்த ஆறாவது நிமிடத்தில் எழுதியது என்று தேதியும் நேரமும் சொன்னது.

'அண்ணே, நான்தான். காவலாளி நீங்கதான்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு உலகத்துல வேற யாரு சொல்லுவா? நேர்ல கேக்க வாய் வரல, அதான் யாரோ மாதிரி கேட்டுப் பாத்தேன். வியாழக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம். கும்பிடச் சொன்னீங்கல்லண்ணே, இப்பக் கும்பிடறேன்.'