சிவப்பு குறைகிறது

மத்தியானத்திலிருந்து அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையின் உச்சியில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு எண். ஆற்றோரத்தில் எத்தனை இடங்களில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியிருக்கிறது என்று அது சொல்லும். காலையில் பதினொன்று. சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஏழு. இப்போது ஐந்து.

மழை மட்டும் குறையவில்லை.

அவளுடைய மேசை ஜன்னலோரம். நான்காவது மாடியிலிருந்து பார்த்தால் தெரு, யாரோ அடியிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும் பழுப்புத் துணி போல இருந்தது. எதிர்க் கட்டடத்தின் காவலாளி நாற்காலியைத் தூக்கி ஒரு படி மேலே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படி.

அவளும் அலுவலகத்தில் இன்னும் மூவரும் சேர்ந்து நீர்வளத் துறைக்காகச் செய்த இணையதளம் அது. ஆறு மலையிலிருந்து இறங்கும் இடம் தொடங்கி நகரம் வரைக்கும் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அளவுக் கருவி பொருத்தியிருந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பமும் தன் காலடித் தண்ணீரின் உயரத்தை அனுப்பும். அது தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகப் போய் உட்காரும். பிஎச்பி நிரல்மொழியில், லாரவெல் வைத்து எழுதிய ஒரு க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வி, கடைசி ஒரு மணி நேரத்து வரிசைகளை மட்டும் வடிகட்டி, கம்பம் வாரியாகத் தொகுத்து, சராசரி எடுத்து, அபாய அளவைத் தாண்டியவற்றை மட்டும் சிவப்பாகக் காட்டும். துறை அதிகாரியின் மேசையிலும் இதே பக்கம்தான் திறந்திருந்தது. ஆற்றோரத் தெருக்களில் இருந்தவர்களையெல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார் அவர். சிவப்பு பூஜ்யம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களில் அவளுடைய அக்காவும் உண்டு.

போன் அடித்தது.

"பாப்பா, உங்க டிவில இப்ப எத்தனை?"

"அது டிவி இல்லக்கா."

"என்னவோ. எத்தனை?"

"அஞ்சு."

"சட்டுனு பூஜ்யம் ஆக்கிவிடேன்டி. உன் கையிலதானே இருக்கு? இங்க இருக்க முடியல. எங்களுக்கு அஞ்சாம் வகுப்பு கொடுத்திருக்காங்க. உங்க அத்தான் பெஞ்சு மேல படுத்து விடற குறட்டையில கரும்பலகையே ஆடுது."

"மழை இன்னும் நிக்கலையேக்கா."

"மழை பெஞ்சா என்ன, ஆறுதானே இறங்கணும்? அது இறங்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

போனை அக்காவின் சின்னவன் பிடுங்கினான். "சித்தி! ஸ்கூலுக்கு லீவு விட்டுட்டு ஸ்கூல்லயே வெச்சிருக்காங்க. இதெல்லாம் ஒரு லீவா?"

அவள் சிரித்துவிட்டு வைத்தாள். நிமிர்ந்தபோது எண் நான்காகியிருந்தது. 'மழை பெய்தால் என்ன' என்று அக்கா கேட்டதை மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஆற்றுக்கு வேறு எங்கிருந்து தண்ணீர் வரும்?

"கத்திரி," என்று பக்கத்து மேசையைக் கூப்பிட்டாள். "மழை பெய்யும்போது ஆறு இறங்குமா?"

கத்திரி காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தான். அவன் அம்மா வைத்த பெயரை அந்த அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களிடையே ஒரு போட்டி நடக்கும், வரிக்குறைப்பு என்று. அந்த வாரம் யார் நிரலில் அதிக வரிகளை வெட்டி, அதே வேலையைச் செய்ய வைத்தார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தரவேண்டும். கத்திரி தன் காசில் டீ குடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"மேல அணையை மூடியிருப்பாங்க தாயே. ஆறு என்ன உன்னைக் கேட்டா இறங்கும்?"

"இல்லடா. இந்த க்வெரி முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"அந்தக் கொடுமையை ஏன் ஞாபகப்படுத்தற? முதல்ல எல்லாக் கம்பத்தையும் எடுக்கும். அப்புறம் ஒவ்வொண்ணுகிட்டயும் போய், 'ஐயா, உங்க ஒரு மணி நேரக் கணக்கு என்ன'ன்னு கேக்கும். பக்கம் திறக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடும். நான் அதைத் திருப்பிப் போட்டேன். அளவுகள்ல இருந்து ஆரம்பிச்சு, வடிகட்டி, கம்ப வாரியா சேர்த்து, சராசரி. மூணே வரி. பார்த்துட்டு நீதானே 'அருமை'ன்னு எழுதின?"

எழுதியிருந்தாள்தான். அருமையாகத்தான் இருந்தது.

அவள் கணினியில் வேறொரு சாளரம் திறந்து சிறிய க்வெரி ஒன்றை அடித்தாள். கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை கம்பங்கள் பேசியிருக்கின்றன? வந்த விடை, நட்ட கம்பங்களில் பாதிகூட இல்லை. எங்கோ தப்பாக அடித்திருக்கிறோம் என்று மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை ஒன்று குறைந்து வந்தது.

பிறகு, ஒவ்வொரு கம்பமும் கடைசியாக எப்போது பேசியது, என்ன சொன்னது என்று கேட்டு, நேரப்படி அடுக்கினாள். முதலில் பேச்சை நிறுத்தியது மலையடிவாரக் கம்பம். அடுத்தது கல்குவாரி. அப்புறம் ரயில் பாலம். அப்புறம் பழைய ஆலை. பட்டியல், ஆறு வருகிற வழியிலேயே இறங்கியது. ஒவ்வொரு கம்பமும் கடைசியாகச் சொல்லியிருந்ததுதான் அது அதுவரை சொன்னதிலேயே உயரமான அளவு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

கத்திரி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது.

"இறங்கலடா," என்றாள். "முழுங்கிட்டு வருது."

பேசாத கம்பத்துக்கு வரிசை இல்லை. வரிசை இல்லாவிட்டால் தொகுக்க ஒன்றும் இல்லை. சராசரி இல்லாத கம்பம் எந்த அளவையும் தாண்டாது, பட்டியலுக்கே வராது. தண்ணீர் ஒவ்வொரு கம்பமாகச் சாய்க்கச் சாய்க்கத் திரையில் சிவப்பு குறைந்தது.

டீம் லீடர் கண்ணாடி அறையில் இருந்தார். நல்ல மனிதர். எதையும் முதலில் நம்பாமல் இருப்பது அவருடைய வேலை.

"டவர் போயிருக்கும்மா. மழையில பேட்டரி தீர்ந்திருக்கும்."

"மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையாவா சார் பேட்டரி தீரும்?"

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினார். விரல் நின்ற இடத்துக்கு அடுத்த கம்பம் மரக்கடைப் பாலம். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அக்காவின் வீடு அந்தப் பாலத்தைத் தாண்டி இரண்டாவது தெரு.

"சரி பண்ணு. எல்லாரும் பாக்கற தளத்துலயே நேரா பண்ணு, சோதனையெல்லாம் வேண்டாம்," என்றார். "நான் அதிகாரிக்கு அடிக்கறேன். ஆனா வாயால சொன்னா அவர் கேக்க மாட்டார். திரையில என்ன தெரியுதோ அதுதான் அவருக்கு."

அவள் மேசைக்கு ஓடினாள். கம்பங்களிலிருந்து தொடங்கவேண்டும். எல்லாக் கம்பங்களையும் எடுத்து, அளவுகள் இருந்தால் சேர், இல்லாவிட்டாலும் கம்பத்தை விடாதே. லெஃப்ட் ஜாயின். சேமித்து, பக்கத்தைப் புதுப்பித்தாள்.

ஒன்றும் மாறவில்லை. சிவப்பு இரண்டு.

"ஏன்டா மாறல?"

கத்திரி குனிந்து பார்த்தான். கிண்டல் எல்லாம் போய் அவன் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம் போல ஆகியிருந்தது. "நேர ஃபில்டர் வெளிய நிக்குது பாரு. எல்லாக் கம்பத்தையும் உள்ள விட்டுட்டு, வாசல்ல நின்னு 'ஒரு மணி நேரத்துக்குள்ள பேசினியா'ன்னு கேக்குது. பேசாததையெல்லாம் திரும்ப விரட்டிடுது. அந்த நிபந்தனையை ஜாயினுக்குள்ள தள்ளு."

தள்ளினாள். கம்பங்கள் எல்லாம் க்வெரிக்குள் வந்தன. ஆனால் திரையின் தலையில் இருந்த எண் ஏறவில்லை. இறங்கியது. ஒன்று.

அப்புறம் பூஜ்யம். எண் பச்சையானது.

கணக்குப் பிரிவிலிருந்து யாரோ கை தட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் லீடர், "சார், ஒரு அஞ்சு நிமிஷம், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்பது கேட்டது. பிறகு அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நன்றி சொல்லிட்டு வெச்சுட்டார்," என்றார் வாசலில் வந்து. "இப்ப எடுக்க மாட்டேங்கிறார்."

"சராசரி," என்றான் கத்திரி திடீரென்று. "வெறுமையா இருக்கு. பூஜ்யம்கூட இல்ல, ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாதது அபாய அளவை விடப் பெரிசும் இல்ல, சிறிசும் இல்ல. நீ எப்படிக் கேட்டாலும் அது 'ஆமா'ன்னு சொல்லாது. அதைத் தனியாக் கேளு."

அவள் கேட்டாள். சராசரி அபாய அளவைத் தாண்டியவை, அல்லது சராசரியே இல்லாதவை. புதுப்பித்தாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு சாம்பல் நிறத்தில் வரிசைகள் மேலிருந்து இறங்க ஆரம்பித்தன. மலையடிவாரம். கல்குவாரி. ரயில் பாலம். இறங்கிக்கொண்டே இருந்தன. பச்சைப் பூஜ்யம் இருந்த இடத்தில் பத்தொன்பது என்று நின்றது.

லீடரின் போன் உடனே அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னய்யா, உங்க பக்கம் கெட்டுப்போச்சா? எல்லாம் சாம்பலா நிக்குது?"

"இப்பதான் சார் சரியா இருக்கு," என்றாள் அவள், லீடரை முந்திக்கொண்டு. "அந்தக் கம்பங்க எதுவும் இப்ப இல்ல. எல்லாமே தண்ணிக்குள்ள போயிடுச்சு. தண்ணி மரக்கடைப் பாலத்துக்கு வந்துட்டிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பஸ்ஸெல்லாம் கிளம்பிடுச்சேம்மா," என்றார் அதிகாரி, வேறு யாருடைய குரலிலோ.

அவள் அதற்குள் அக்காவுக்கு அடித்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா. பின்னால் ஒரே கூச்சல், குழந்தைகள் பாட்டு, இன்ஜின் உறுமல்.

"பூஜ்யம் ஆக்கிட்டியாமே! என் தங்கம்டி நீ."

"எங்கக்கா இருக்கீங்க?"

"மரக்கடை தாண்டப்போறோம். ரோட்டுல கணுக்கால் தண்ணி, பசங்க ஜன்னல்ல தொங்கறாங்க..."

"டிரைவர்கிட்ட போனைக் குடு. இப்பவே குடு."

டிரைவர் முதலில் யாரென்று கேட்டார். அப்புறம் அதிகாரி சொன்னால்தான் திருப்புவேன் என்றார். அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவில் அவர் பேச்சு நின்றது. பாட்டும் நின்றது.

"யம்மா," என்றார் டிரைவர், அவளிடம் இல்லை. "பாலத்துல தண்ணி வருதுய்யா. உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

கியர் கரகரவென்று விழுந்தது. போன் கை மாறி அக்காவிடம் வந்தது. சின்னவன் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தான், யாரும் பதில் சொல்லவில்லை.

"பஸ்ஸு பின்னாடி எடுக்கறாரு பாப்பா."

"சரிக்கா. பேசிக்கிட்டே இரு. வெச்சிடாத."

"உங்க அத்தான் இதுல இல்லடி."

"என்ன?"

"முன்னாடி பஸ்ல போயிட்டாரு. வீட்டைத் திறந்து சேறு அள்ளி வெக்கறேன், நீ பசங்களோட மெதுவா வான்னு..."

திரையில் மரக்கடைப் பாலத்தின் வரிசை இப்போது சிவப்பாகியிருந்தது. கத்திரி ஏற்கெனவே தன் போனை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அத்தானின் எண்ணை ஒப்பித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"எடுக்கலக்கா."

"புது நம்பர்னா எடுக்க மாட்டாரு. கிரெடிட் கார்டு விக்கிறவன்னு நெனச்சுக்குவாரு. நான் அடிச்சாதான் எடுப்பாரு." அக்காவின் குரல் மெலிந்திருந்தது. "உன் போனை வெச்சுட்டு அவருக்கு அடிக்கட்டுமா?"

இன்ஜின் உறுமியது. எங்கேயோ தகரத்தில் தண்ணீர் அறைவது போல ஒரு சத்தம். பஸ் இன்னும் பாலத்திலா, பின்னால் வந்து தப்பிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் போன் ஒன்றுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பாப்பா?"

"வெச்சுடுக்கா," என்றாள். "அத்தானுக்கு அடி."

துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை விசைப்பலகையின் மேல், திரை மேலே பார்க்கும்படி வைத்தாள். யாரும் அவளுக்கு அடித்து அதை அடைத்துவிடக் கூடாது என்று கத்திரி எழுந்து, ஒவ்வொரு மேசையாகப் போய் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தான்.