பதியாத பெயர்

சிறையிலிருந்து வந்து பதினோரு நாளாகியும் டத்தோ பட்டம் வாங்கிய சிவானந்தத்தைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நகராண்மைக் கழகத் தலைவராக இருந்தபோது அவர் தும்மினால் பத்துப் பேர் கைக்குட்டை நீட்டுவார்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்த வீட்டுப் பிள்ளை. கட்சிக் கிளையில் நாற்காலி அடுக்கி, கவுன்சிலராகி, தலைவராகி, மாலை விழுந்து விழுந்தே கழுத்துத் தேய்ந்த மனிதர். பிறகு லஞ்ச வழக்கில், கைதியின் ஆரஞ்சுச் சட்டையும் விலங்குமாகப் பத்திரிகையில் வந்தார். பங்களா ஏலத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகன் அகிலன் போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டான்.

மிச்சம் மனைவி தனேஸ்வரி ஒருத்திதான். புக்கிட் பெருந்துங் வாடகை வீட்டில், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டு அவருக்காகக் காத்திருந்தாள். அவளும் கைவிட்டால் தனக்கு நாதியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலை அவள் சொன்னாள். "ஏங்க, துளசியப் பாத்துட்டு வரலாம். எனக்கும் அவ பக்கத்துலயே எடம் சொல்லி வச்சிருங்க."

அவர் கார் சாவியைத் தேடுவதுபோல மேசையைத் துழாவினார்.

துளசி அவர்களின் மூத்த பெண். மூன்று மாதம் இருந்து காய்ச்சலில் போனவள். கைக்குழந்தையை எரிப்பதில்லை என்று தோட்டத்து இடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அந்த நிலத்தைக் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் கேட்டது. பங்களா வந்த வழி அதுதான். குடும்பத்தார் ஒரு மாதத்துக்குள் பெயர் பதிந்தால் எலும்புகளை எடுத்துப் புதிய மயானத்தில் வைப்பார்கள். ஆனால் நிலத்தில் சொந்தச் சம்பந்தம் உள்ளவர் அதற்கு அனுமதி கொடுக்கும் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பது கழகத்தின் விதி. துளசியின் பெயரைப் பதிந்தால் தலைவர் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் பெயரைப் பதியவுமில்லை, எழுந்து போகவுமில்லை. எனக்கு இந்த நிலத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். வீட்டில், மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு, போய்ப் பார்க்கலாமென்று அவள் கேட்டபோதெல்லாம் வேலையைச் சொல்லித் தட்டிக்கழித்தார். பாவி மனிதர், அன்றைக்கு நன்றாகத் தூங்கினார் வேறு.

புதிய மயானத்தைப் பார்த்துக்கொள்பவர் நாகமணி, அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தடித்த நோட்டில் இரண்டு முறை விரலை ஓட்டினார். சிவானந்தத்தை நிமிர்ந்து பார்த்தார். பால் பாக்கெட்டோடு நின்ற தனேஸ்வரியையும் பார்த்தார்.

"கடைசி வரிசையில பேரு அழிஞ்ச சின்னக் கல்லு ஒன்னு இருக்கும்மா. அதாத்தான் இருக்கும்."

தனேஸ்வரி மெல்ல நடந்து போய் அந்தக் கல்லைத் தடவினாள். "அம்மா வந்துட்டேன்டி" என்றாள்.

நாகமணி கொடுத்த பொய்யை வாங்கிக்கொண்டு சிவானந்தம் வாயை மூடியிருக்கலாம். வாங்கியே பழகியவர்தானே. ஆனால் அவள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபோது அவரால் தாங்க முடியவில்லை.

"அது நம்ம புள்ள இல்ல, தனேஸ். நான் பேரு குடுக்கல. அவ அங்கயே, கெடங்குக்கு அடியில இருக்கா."

அவள் அழவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாருடைய பிள்ளையோ, அந்தக் கல்லுக்குப் பாதிப் பாலை ஊற்றினாள். "அங்க கொண்டு போங்க" என்றாள். காரில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிறையில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று அவருக்குப் பட்டது.

கிடங்கின் வாசலை ரிப்பன் வெட்டித் திறந்தவரே அவர்தான். காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"சும்மா உள்ள போவ முடியாது லா அங்கிள். யாரப் பாக்கணும்னு இதுல எழுதுங்க."

பார்வையாளர் புத்தகத்தில் தன் பெயரை எழுதினார். கார் எண்ணை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. தனேஸ்வரி இறங்கி வந்து அந்தக் கட்டத்தையே பார்த்தாள்.

துளசி என்று எழுதினார். பக்கத்தில் மகள் என்றும் எழுதினார்.

காவலாளி புத்தகத்தைத் திருப்பிப் படித்தார். "எந்த செக்‌ஷன்ல வேல செய்றாங்க?"

"வேலைக்கு வரல தம்பி" என்றாள் தனேஸ்வரி. "ரொம்ப நாளா இங்கதான் இருக்கா."

மிச்சப் பாலைக் கம்பிக் கதவின் அடியில் ஊற்றினாள். பிறகு காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். வீடு வரைக்கும் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.