மாசிக் கடைசி வெள்ளி

நல்ல கோல்ஃப் மைதானங்களாகத் தெரிவுசெய்து தா என்று ரொறன்ரோவிலிருந்து பிரகலாதன் குரல்செய்தி அனுப்பியிருந்தான். பிரசாந்தினியின் பெரியம்மா மகன். வேலையிடத்து நண்பர்களோடு விடுமுறைக்கு வருகிறான். "கடல் தெரியவேணும். எங்களைத் தவிர வேற ஒருத்தரும் அங்க நிக்கப்படாது."

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சுற்றுலா அலுவலகத்தில் பயணங்களை ஒழுங்குபடுத்துவதுதான் அவள் வேலை. கொழும்பில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று எடுத்தாள். மூன்றாவதாக, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த கடற்கரை மைதானத்தைத் தானாகவே சேர்த்தாள். அவளுடைய அம்மாவும் பெரியம்மாவும் பிறந்த மண் அது. யுத்தத்தில் ஊர் எழும்பி ஓடியது. திரும்பி வந்தபோது நிலத்தைச் சுற்றி வேலி நின்றது. பிறகு வேலிக்குள் புல் வளர்த்தார்கள். அண்ணா ஒருக்கால் அந்த நிலத்தை மிதிக்கட்டும் என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை முழுவதற்கும் மைதானத்தை அவர்களுக்கென்றே பதிவுசெய்தாள்.

அடுத்த நாள், இப்போது குடியிருக்கும் கிளிவெட்டியிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, இந்தமுறை எங்களை உள்ளுக்கு விடமாட்டாங்களாம். ஆரோ கனடாக்காரர் அண்டைக்கு முழு இடத்தையும் எடுத்திட்டினமாம்."

"எண்டைக்கு அம்மா?"

"இதென்ன கேள்வி. மாசிக் கடைசி வெள்ளி."

பிரசாந்தினி மேசை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மைதானத்தின் நடுவே வெட்டாமல் விட்ட பாலைமரத்தடியில், வைரவருக்குப் புது அரிசியில் ஊர் பொங்குகிற நாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சனம் வேலிக்குள் போகலாம். அதுவும் அன்று எவரும் விளையாடாவிட்டால்தான். வீட்டில் அவளுக்கு அது மாசிக் கடைசி வெள்ளி. அலுவலகக் கதிரையில் இருந்தால் மார்ச் பதின்மூன்று. இரண்டும் ஒன்றென்று உறைக்காமல், ஊர்வாசலைத் தன் கையாலேயே பூட்டியிருந்தாள். தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பிரகலாதனை அழைத்தாள்.

"அண்ணா, வெள்ளிக்குப் பதிலா வியாழன் விளையாடுங்கோ."

"ஏலாது. வியாழன் திமிங்கலம் பாக்கப் போறம். நீதானே அதையும் போட்டனீ."

"வெள்ளி வைரவருக்குப் பொங்கல்."

அவன் சிரித்தான். "பொங்கலை வியாழன் வையுங்கோவன். வைரவர் என்ன லீவு எடுத்தே வாறவர்?"

"அந்த ஒரு நாளைத்தான் எங்களுக்குத் தந்திருக்கிறாங்கள்."

"அப்ப ஒரு கரையில நிண்டு பொங்கட்டும். இவங்களும் ஆசையாப் படம் எடுப்பாங்கள்."

அவள் பதிவுப் பக்கத்தைத் திரையில் திறந்தாள்.

"பெரியம்மா பொங்கின இடம் அது," என்றாள்.

"அம்மாவை இதுக்குள்ள இழுக்காத. நீ என்ர புக்கிங்கைப் பார்."

பார்த்தாள். வெள்ளிக்கிழமையை இரத்துச் செய்தாள். அன்றைய ஆட்டத்தை நுவரெலியாவுக்கு மாற்றி, அவனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

மத்தியானம் முதலாளி ஞானசேகரம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "உம்மட அண்ணன் எடுத்தவர். வாயில வந்தபடி ஏசுறார். வெள்ளியைத் திருப்பிப் போடும்."

"ஏலாது சேர்."

"வேலை வேணாமே உமக்கு?"

"வேணும் சேர். வெள்ளியும் வேணும்."

அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குக் கதைப்பம்," என்று போய்க் கதவை அடித்துச் சாத்தினார். நாளைக்கு என்ன கதை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் இறங்கவில்லை.

பின்னேரம் அம்மா மறுபடியும் எடுத்தாள். குரலில் மகிழ்ச்சி.

"பிள்ளை, வாசல் திறப்பாங்களாம். அந்தக் கனடாக்காரர் விட்டுத் தந்திட்டினமாம். நல்ல மனுசர் போல."

பிரசாந்தினி பல்லைக் கடித்தாள்.

"அந்த நேரம் பிரகலாதனும் இஞ்ச நிப்பான் எண்டனீ. அக்கான்ர பங்குப் பொங்கலை அவனுக்கு எடுத்து வைக்கட்டே?"

"வேண்டாம் அம்மா."

"ஏன் பிள்ளை?"

"அவர் அண்டைக்கு நுவரெலியாவில விளையாடுறார்," என்றாள்.