மூன்றாவது பாட்டில் ஒரு தட்டல்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய ஆல்பம் கட்சிக்கு நான் தலைவர். புது ஆல்பம் கட்சிக்கு என் அத்தான் தலைவர், அதாவது என் அக்காவின் கணவர். கடை அவருடையது என்பதால் அதை ஆளுங்கட்சி என்றே சொல்லலாம். அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. அவள் உள்ளறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கண் பார்த்து அளவு எழுதுவாள். அந்த அளவுப்படி கண்ணாடியைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது என் வேலை. பொருத்தியதை வாடிக்கையாளர் மூக்கில் மாட்டி, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று கூசாமல் சொல்வது அத்தான் வேலை.

சண்டை ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றியது. நான்கு பேர் கொண்ட குழு, இதுவரை எட்டு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். முதல் மூன்றில் இருக்கிற உயிர் பின்னால் வந்த ஐந்தில் இல்லை. இதைக் கொள்கை என்று சொல்வதே தப்பு, காது உள்ள எவனுக்கும் தெரிகிற உண்மை இது. அத்தானுக்கும் இரண்டு காது உண்டு. கண்ணாடி மாட்டிக்கொள்ள அவை பயன்படுகின்றன.

கடையில் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். ஒற்றைப்படைத் தேதியில் பழசு, இரட்டைப்படைத் தேதியில் புதுசு என்று அக்காதான் உடன்படிக்கை செய்து வைத்தாள். முப்பத்தொன்றாம் தேதிக்கு அடுத்து ஒன்றாம் தேதி வருவதால் அப்போதெல்லாம் எனக்குத் தொடர்ந்து இரண்டு நாள் கிடைக்கும். இந்த அநியாயத்தை எதிர்த்து அத்தான் வருடத்துக்கு ஏழு முறை அக்காவிடம் முறையிடுவார்.

எங்கள் கட்சியின் உயிர்நாடி, முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. அதன் நடுவில் கிட்டாரும் டிரம்ஸும் சட்டென்று நின்றுவிடும். ஒரே அமைதி. அந்த அமைதிக்குள் மெதுவாகக் கேட்கும்: டக் டக் டக், டக் டக், டக் டக். மூன்று, இரண்டு, இரண்டு. அதற்குப் பிறகு எல்லாம் சேர்ந்து இடியாக இறங்கும். அந்தத் தட்டலைப் பற்றி நான் எட்டுப் பக்கக் கட்டுரை எழுதி எங்கள் மகாசபையில் வாசித்திருக்கிறேன். 'மனிதகுலத்தின் மூடிய கதவை ஒரு கலைஞன் தட்டுகிறான்' என்று ஆரம்பிக்கும். மகாசபை என்றால் நானும் பஸ் டிரைவரும்தான். நகரப் பேருந்து ஓட்டும் அந்த மனிதர் கட்டுரையைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். அவரிடம் இருப்பதும் என் கேசட்டின் நகல்தான். அன்று முதல் எங்கள் கடையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரனை மூன்று, இரண்டு, இரண்டு என்று அடிப்பார். தெருவில் நடப்பவர்கள் பதறி ஒதுங்குவார்கள், நான் மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வேன்.

"புது ஆல்பத்துல இப்படி ஒரு இடம் காட்டுங்க அத்தான். ஒண்ணே ஒண்ணு. கட்சியையே கலைச்சிடறேன்" என்பேன்.

"கரகரன்னு ஒரு கேசட்டை வெச்சுக்கிட்டுப் பேசாதே மச்சான். புதுசுல என்ன பக்குவம், என்ன நிதானம்!"

"நிதானம் மாடிப்படி இறங்கறப்பத்தான் வேணும். பாட்டுல எதுக்கு?"

அதற்கும் அவர் மசியவில்லை என்றால் அக்காவைக் காட்டுவேன். "இசைன்னா என்னன்னே தெரியாது அக்காவுக்கு. அவ என் ரூம் கதவை எப்படித் தட்டறான்னு கேட்டிருக்கீங்களா? மூணு, ரெண்டு, ரெண்டு! அவளுக்கே தெரியாம உள்ள இறங்கியிருக்கு அந்தப் பாட்டு." இதைக் கேட்டதும் அத்தான் பிரேம்களைத் துடைக்கப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குழு எங்கள் நகரத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது. டிக்கெட்டுகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. அந்த ஒரு மணி நேரமும் நான் யாரோ ஒருவருடைய கிட்டப்பார்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் தனக்கும் அக்காவுக்குமாக இரண்டு வாங்கிவிட்டார். "அந்த இரைச்சலுக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்று அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஆக, ஒரு டிக்கெட் மிச்சம். இருபத்திரண்டு வருடமாக அந்த நாலு பேரையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிடக்கிறவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காகிதத் துண்டைப் பார்க்கவே அன்று நாலு தடவை அத்தான் மேசைப் பக்கம் போனேன்.

அத்தான் அதைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுப்பதாக அறிவித்தார். புது ஆல்பம் கட்சியில் அவரைத் தவிர இருக்கிற ஒரே உறுப்பினர் இவர். வாரம் ஒருமுறை கண்ணாடி துடைக்கிற சாக்கில் கடைக்கு வந்து கட்சிப் பணி ஆற்றுவார்.

"புதுசெல்லாம் குப்பைன்னு சொல்றவனுக்குப் புது ஆல்பக் கச்சேரியில என்ன வேலை?" என்றார் அத்தான்.

"குப்பைன்னு சொல்றதுக்கு முதல்ல எது பழசு, எது புதுசுன்னு தெரியணுமே" என்று வாத்தியார் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பத்தே விநாடி போட்டுக் காட்டுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!"

பந்தயம் அங்கேயே முடிவானது. பழசில் ஒன்றும் புதுசில் ஒன்றுமாக ஐந்து ஜோடி. எது பழசு என்று நான் சொல்ல வேண்டும். ஐந்தும் சரியென்றால் டிக்கெட் எனக்கு. ஒன்று சறுக்கினாலும் வாத்தியாருக்கு.

கடை விடுமுறையன்று காலை பத்து மணிக்கு எல்லாரும் கூடினோம். சோதனையை நடத்த நடுநிலையான ஆள் அக்காதான். அவளுக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்று. என்னைக் கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார வைத்து, அளவு பார்க்கிற கனமான வட்ட பிரேமை மாட்டி, இரண்டு கண்ணுக்கும் கறுப்பு மூடியைச் செருகினாள். அத்தான் இதற்கென்றே முதல் ஆல்பத்தின் அசல் சிடியை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். அதன் மேலுறையைப் பிரிக்கிற சரசரப்பு மட்டும் எனக்குக் கேட்டது.

"தலையை ஆட்டாதே. நேரா பாரு" என்றாள் அக்கா.

"என்னத்தைப் பார்க்கறது? ரெண்டு கண்ணையும் மூடிட்டியே."

"பேசாதே. இப்ப சொல்லு. முதல்லதா, ரெண்டாவதா?"

முதல் ஜோடிக்கு ஐந்து விநாடி ஆனது. இரண்டாவதற்கு மூன்று. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கண் சோதனையில் அந்த வழக்கம் கிடையாது. "அவசரம் வேண்டாம், இன்னொரு தடவை காட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் பஸ் டிரைவர் விசிலடித்ததை வைத்து நானே கணக்குப் பண்ணிக்கொண்டேன். நாலுக்கு நாலு. டிக்கெட் என் சட்டைப்பைக்குள் வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

ஐந்தாவது ஜோடி. முதலில் வந்தது நம்முடைய மூன்றாவது பாட்டேதான்! கிட்டார் சீறியது, டிரம்ஸ் அதிர்ந்தது, எல்லாம் நின்றது. அமைதி. நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அமைதி அப்படியே இருந்தது. பிறகு இடி இறங்கிவிட்டது. தட்டலே இல்லை. அடுத்து இரண்டாவது துண்டு ஏதோ ஓடியது, அது என் காதில் ஏறவே இல்லை.

"முதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டும் பழசு இல்ல."

"அப்படி ஒரு பதில் கிடையாது."

"முதல்லது பழைய பாட்டு, ஆனா பழைய பதிவு இல்ல. வயசான காலத்துல திரும்ப வாசிச்சிருக்காங்க. உயிரையே பிடுங்கிட்டாங்க! எழுதிக்கோ, ரெண்டாவதுதான் பழசு."

வாத்தியார் கைதட்டினார். நான் கறுப்பு மூடியைப் பிடுங்கினேன். அத்தான் சிடியின் அட்டையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். முதல் ஆல்பம், முதல் வெளியீடு, வருடம் உட்பட எல்லாம் அச்சாகியிருந்தது.

"மோசடி!" என்று கத்தினேன். "தட்டலை வெட்டிட்டாங்க! இருங்க, நான் காட்டறேன்." கடைக்கு மேலே இருக்கிற என் அறைக்கு ஓடிப்போய்க் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் தூக்கி வந்தேன். கரகரவென்று ஓடியது. பாட்டு நின்றது. டக் டக் டக், டக் டக், டக் டக். பஸ் டிரைவர் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

அளவுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை அவள் காது கொடுத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. "அதை மறுபடி போடு."

மறுபடி போட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் அறைக் கதவைச் சாத்தினாள். மரக்கதவில் கேட்டது: டக் டக் டக், டக் டக், டக் டக்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "இது டிரம்ஸ் இல்லடா. நான்."

டேப்ரிக்கார்டரை அவளே நிறுத்தினாள்.

"ஒருநாள் காலையில இந்த ஆல்பம் முழுசும் ரேடியோல வருது, சத்தமில்லாத இடத்துல ரெக்கார்டு பண்ணணும்னு ரேடியோவையும் டேப்பையும் தூக்கிட்டு பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டியே, ஞாபகம் இருக்கா? எனக்கு அன்னிக்குப் பரீட்சை. அப்பா நைட் டியூட்டி முடிச்சுத் தூங்கறார், கத்த முடியாது. மெதுவா தட்டினேன். நீ திறக்கவே இல்ல. முகம்கூட கழுவாம போய் எழுதிட்டு வந்தேன்."

"நான் டிரம்ஸ்னு நினைச்சேன்" என்றேன்.

"அப்ப நான் இத்தனை வருஷமா ஹாரன்ல அடிச்சது?" என்றார் பஸ் டிரைவர்.

"பாத்ரூம் கதவு" என்றார் வாத்தியார்.

எட்டுப் பக்கக் கட்டுரை என் கண்முன் வந்து போனது. மனிதகுலத்தின் மூடிய கதவு. தாழ்ப்பாள் போட்டது நானேதான். கண்ணாடி தேய்க்கிற பொடியாகக் கரைந்து குழாய் வழியே போய்விடலாமா என்று இருந்தது.

வாத்தியார் மேசையில் இருந்த டிக்கெட்டை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அக்கா அதை எடுத்துவிட்டாள். "இது என் பேர்ல வாங்கினது. நானே போறேன். என் தட்டலைக் கேட்டு ரெண்டு பேர் இருபது வருஷமா உருகியிருக்காங்க. பக்கவாத்தியம் வாசிச்சவ நான், மேடையில யாருன்னு ஒரு தடவை பார்த்துட்டு வரேன்."

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார்.

"அதான் பார்த்தேன்!" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "இவன் அந்தக் கேசட்டைப் போட்டாலே எனக்கு நெஞ்சு படபடன்னு வரும். ஏதோ வேலையை முடிக்காம விட்ட மாதிரி, யாரோ திட்டப் போற மாதிரி. எழுந்து போய் எதையாவது துடைக்கணும்போல இருக்கும். புது ஆல்பத்தைக் கேட்டாத்தான் மனசுக்கு நிம்மதி!"

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

"நிம்மதியா?" என்றாள் அக்கா.

அத்தானின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நான் இல்லாத ஆல்பம்தான் நிம்மதி. புரியுது." அவள் கையை நீட்டினாள். அத்தான் தன் டிக்கெட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அக்கா அதை அப்படியே என் பக்கம் திருப்பினாள். "சனிக்கிழமை அஞ்சு மணிக்குத் தயாரா இரு. முகம் கழுவிட்டு வா."

அன்று அத்தான் எல்லாப் பிரேம்களையும் இரண்டு தடவை துடைத்தார்.

சனிக்கிழமை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. முதல் ஒரு மணி நேரமும் புது ஆல்பம்தான். கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஏழாவது ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு என் கால் தானாகவே தாளம் போட்டது. அக்கா குனிந்து என் காலைப் பார்த்தாள். நான் காலை மாற்றிக்கொண்டேன். கடையில் போய் இவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

வெளிச்சம் மங்கும்போது மூன்றாவது பாட்டை எடுத்தார்கள். கிட்டார் சீறியது. இருபத்திரண்டு வருடம் கரகரப்புக்கு நடுவில் கேட்டது இப்போது நெஞ்செலும்பில் இறங்கியது. எல்லாம் நின்றது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கினார்கள். அந்த அமைதி சுத்தமாக, அழகாக, காலியாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்போது என் முதுகில் விழுந்தது. டக் டக் டக், டக் டக், டக் டக்.

இடி இறங்கியது. ஊரே குதித்தது. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். திரும்பினேன். அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," அவள் காதில் கத்தினேன். "அன்னிக்கு நான் கதவைத் திறந்திருக்கணும்!"

"திறந்திருந்தா பாட்டு கெட்டுப் போயிருக்கும்" என்று அவளும் கத்தினாள். "பேசாம கேளு."