கம்பளிக்குள் தைத்த சட்டை

"அண்ணி, மத்த வீட்ல நாத்தனாரை வார்த்தையாலதான் குத்துவாங்க. நீங்க நெஜமாவே ஊசி எடுத்துக் குத்துறீங்க."

"கையை ஆட்டாதே."

ஊசி நகராமல் பிளாஸ்திரி ஒட்டி, சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள் அண்ணி. இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பேராசிரியர். தசை சர்க்கரையை எப்படித் தின்கிறது என்பதே அவள் ஆயுசு முழுக்கத் துரத்திய கேள்வி. ஓடுகிற தசையைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் குவித்தார்கள். அவள் சும்மா கிடக்கிற தசையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இருக்கறதுக்கு ஒரு பேராசிரியரா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிக் கட்டுரை. சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தார்கள், அசையாமல் படுத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. ஆள் போதவில்லையே என்று கூட்டிவந்த நாத்தனாருக்கு மட்டும், ஏற மனமில்லாததுபோல் கொஞ்சம் ஏறி, மளமளவென்று இறங்கிவிட்டது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அப்படியே.

"ஒருத்தங்கதானே மேடம்," என்றார் கணக்குப் பார்க்கும் சக ஆராய்ச்சியாளர். "சொந்தக்காரங்க வேற. அந்த ரீடிங்கை விட்டுட்டா கட்டுரை நேரா நிக்கும். வச்சா நொண்டும்."

நியாயம்தான். ஆனால் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தத் தசை, யாரையும் கேட்காமல், இப்படி அள்ளி அள்ளித் தின்கிறது? அதனால்தான் இன்று மூன்றாவது தடவை. இன்று பக்கத்தில் அவளே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏதும் வியாதியா அண்ணி? மறைக்காம சொல்லுங்க."

"உங்க அண்ணனுக்கு இருக்கற சர்க்கரை உனக்கு இல்ல. அதான் பிரச்னை."

"அதுக்கும் நான்தான் பழி சுமக்கணுமா?"

"பேசாம படு."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். தையல் கடை வைத்திருப்பவள், நாளெல்லாம் மிஷின் மிதிப்பவள். பகலில் படுப்பதே அவளுக்குப் புதுசு. அறையில் குளிர்சாதனத்தின் முனகல் மட்டும் கேட்டது. அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள். நாத்தனார் சிலை மாதிரி கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது காதில் விழுந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறை. கிரீச், கிரீச், கிரீச். நின்றது. திரும்பவும் கிரீச், கிரீச்.

அண்ணி எழுந்து கால்மாட்டில் கம்பளியை மெல்லத் தூக்கினாள்.

கட்டிலின் கால்பலகையில் விரல் நுனிகள் ஊன்றியிருந்தன. குதிகால்கள் ஏறி இறங்கின, ஏறி இறங்கின. கெண்டைக்கால் சதை உருண்டு வருவதும் தளர்வதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலையே. நீங்க சொன்னபடி சும்மாதான் கிடக்கேன்."

"மனசுக்குள்ள?"

நாத்தனார் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஒரு சட்டைக்கு காலர் வச்சிட்டிருந்தேன். நாளைக்குக் குடுக்கணும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கையில் பிடித்திருந்த கம்பளியைப் பார்த்ததும் அது நின்றது. குளிரில் நடுங்கினால் தசை சர்க்கரையை எரித்துவிடும், அதனால் படுப்பவர்களுக்குக் கம்பளி போர்த்த வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளே போட்ட விதி. அதற்குப் பிறகு எத்தனை பேர் இந்தக் கட்டிலில் படுத்தார்கள்? பஸ் ஓட்டுகிறவர், மாவு பிசைகிறவர், பாட்டு வாத்தியார். கம்பளிக்குள் அவர்களும் சும்மாதான் கிடந்தார்களா? அவள் எழுதியதெல்லாம் 'சும்மா' என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

கதவருகே கணக்குக்காரர் வந்து நின்றார். "கட்டுரையை இன்னிக்கு அனுப்பணும் மேடம். அந்த ரீடிங்கை எடுத்துடலாமா?"

"அது இருக்கட்டும். கம்பளியை எடுத்துடுங்க."

"எடுத்தா குளிருமே?"

"ஏசியை நிறுத்துங்க. கட்டுரை இன்னிக்குப் போகாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏசியை நிறுத்தி, கம்பளியை மடித்தார். வெளிச்சத்தில் நாத்தனாரின் கால்கள் கூச்சப்பட்டதுபோல் அசையாமல் நின்றுவிட்டன.

"இப்படி எல்லாரும் காலையே பாத்தா எனக்கு வராது அண்ணி."

"நாங்க பாக்கல. காலர் முடிஞ்சுதா?"

"அது அப்பவே முடிஞ்சுது. கைதான் பாக்கி."

"சரி, சொல்லு. எந்தக் கை முதல்ல?"

"இடது கை. அதுலதான் சுருக்கம் விழும். துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு..."

கண் மூடியது. அறை அமைதியானது. அண்ணி கால்மாட்டில் குனிந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருந்தாள். வலது குதிகால் முதலில் எழும்பியது.