அரை வாளி

2022ஆம் ஆண்டு மார்ச் இரண்டாம் திகதி காலை ஒன்பது பத்துக்கு, பேசாலையில் அமிர்தநாயகத்தின் கிணறு அரை வாளிக்கு மேல் தண்ணீர் தர மறுத்தது. கரண்ட் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மேல் தாங்கியில் ஒரு சொட்டும் இல்லை. மோட்டர் பூட்டிய நாள் முதல் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து வாளியில் முடிந்து இறக்கினார். வாளி நிறைய மொண்டதைக் கை உணர்ந்தது. மேலே வந்தபோது பாதிதான் இருந்தது. வாளியில் ஓட்டை இல்லை. பெயின்ற் தகரத்தை இறக்கினார், பிறகு சோற்றுப் பானையை. எல்லாவற்றிலும் பாதி, கோடு கீறியது போல.

அந்தக் கிணறு அடுத்தடுத்த இரண்டு வீட்டு வளவுக்கும் பொது. மறுபாதி தம்பி டொமினிக்கினுடையது. எல்லை மதில் கிணற்றுக் கட்டுவரை வந்து நிற்கிறது. அதன் பிறகு கிணற்று வாயின் குறுக்கே மறைப்பாக ஒரு தகரத் தகடு. பக்கத்துக்கு ஒரு மோட்டர். பத்து மணியளவில் தகரத்துக்கு அப்பால் ஒரு வாளி விழுந்த சத்தம் கேட்டது. அந்நேரம் அமிர்தநாயகம் இழுத்த வாளி தளும்பிக்கொண்டு வந்தது. அந்தப் பக்க வாளி ஏறியதும் மறுபடி பாதி. இரண்டு வாளியும் ஒன்றாகத் தண்ணீரில் கிடந்தால்தான் நிறையும் என்பது அன்று மத்தியானத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை அவர் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மன்னார் உப்புக்குளத்துக்கு பஸ் ஏறினார். உறுதி எழுதும் நொத்தாரிசு சீவரத்தினம் கண்ணாடியைப் போட்டு, கிணற்றில் அரைப் பங்கும் அள்ளும் உரிமையும் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார்.

“கிணறு சட்டப்படிதான் நடக்குது, ஐயா. மோட்டர்தான் இவ்வளவு காலமும் களவெடுத்தது.”

ஊரில் இதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசை அதைவிட நீளமாக இருந்தது. மின்வெட்டு நாளுக்கு ஏழரை மணித்தியாலமாக இருந்து, மாத முடிவில் பதின்மூன்றானது. அட்டவணையைப் பார்த்து அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்துக்குக் கிணற்றடிக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் செருமுவார். மற்றவர் செருமியதும் இரண்டு கயிறும் இறங்கும். பேச்சு இல்லை. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு வெவ்வேறு பஸ்ஸில் போய், வெவ்வேறு பஸ்ஸில் திரும்பி, மறுநாள் காலை தகரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று அள்ளினார்கள். தம்பிக்கு இடது தோள் வலிக்கிறது என்பதைக் கயிறு விட்டுவிட்டு ஏறும் சத்தத்தில் அமிர்தநாயகம் அறிந்தார். அன்று முதல் தானும் மெதுவாக இழுத்தார்.

அவர்கள் பேசாமல் போனது 2013இல், அமிர்தநாயகத்தின் மனைவி ஜெசிந்தா இறந்த நாளில். அழுகைச் சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டது. கோயிலில் சாவு மணியும் அடித்தது. பக்கத்து வளவுதானே என்று, மச்சாள் இறந்ததை டொமினிக்குக்கு ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லாத சாவுக்கு எப்படிப் போவது என்று அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். சவப்பெட்டி வெளிப் படலையைத் தாண்டும்வரை இருந்தார். தபால் கந்தோரில் இருந்த காலத்தில் ஊரின் சாவுத் தந்திகளையெல்லாம் எழுதிய அமிர்தநாயகம், தம்பி வரவில்லை என்று எட்டாம் நாள் அந்தத் தகரத்தை வாங்கி நிறுத்தினார்.

மகள் நிருஷா கனடாவிலிருந்து ஞாயிறுகளில் போன் எடுப்பாள். சோலார் போடக் காசு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வாளியே போதும் என்றார்.

“சித்தப்பாவோட கதைச்சனீங்களோ, அப்பா?”

“தண்ணி அள்ளினனாங்கள்.”

அங்கே பனி கொட்டுகிறது என்றாள் அவள்.

2023 பெப்ரவரி நடுவில் மின்வெட்டு நின்றது. தகரத்துக்கு அப்பால் மோட்டர் காலையில் பத்து நிமிடம் ஓடி ஓய்ந்தது. அமிர்தநாயகம் தன் மோட்டரைப் போடவில்லை. ஒன்பது மணிக்குக் கிணற்றடிக்குப் போய்ச் செருமினார். பதில் இல்லாதபோது தனியே இறக்கி, அரை அரை வாளியாக அள்ளினார். குளிக்க இருபது தரம் இழுக்க வேண்டியிருந்தது. தவக்காலம் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் வாளியின் உள்ளே பார்த்தார். ஒவ்வொரு நாளும் பாதி.

தவக்காலத்தின் நாலாம் கிழமை, புதன். கரண்ட் இருந்தது. அந்தப் பக்க மோட்டர் ஓடி நின்று, தாங்கி நிரம்பி வழிந்த சத்தமும் கேட்டு முடிந்திருந்தது. அமிர்தநாயகம் அன்று செருமவும் இல்லை. வாளியை இறக்கி, பழக்கத்தில் இழுத்தார். காலில் தண்ணீர் தெறித்தது. வாளி விளிம்பு முட்ட நிறைந்திருந்தது.

அதைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். தகரத்துக்கு அப்பால் எந்தக் கயிறும் ஏறவில்லை. அந்தப் பக்க வாளி இன்னும் தண்ணீரில்தான் கிடந்தது. அவர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி விட்டு, ஈரக் கையைத் துடைத்து, வாசலுக்குச் சாவு சொல்ல வந்தவர் நிற்பது போலத் தகரத்துக்கு முன்னால் நேராக நின்றார்.

“தம்பி, உன்ர மச்சாள் மோசம் போயிட்டா. நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கிறம்.”