அசல் வாழ்க்கை பார்க்க வந்தவர்

டோரினா கொடியில் காயப்போட்ட உள்பாவாடையைக்கூட விடாமல் படம் பிடித்தார், பக்கத்து வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு வந்திருந்த டச்சுக்காரர் ரூபென். "திராட்சைத் தோட்டம் மாதிரி சுற்றுலா இடமெல்லாம் வேண்டாங்க. உங்க இத்தாலியோட அசல் வாழ்க்கையத்தான் பாக்கணும்" என்றார்.

"அவ்வளவுதானே? வாங்க" என்று டோரினா அந்த மலையூரின் ஒரே டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனாள். காத்திருந்த பன்னிரண்டு பேரும் மூட்டுவலி, மூலம், மலச்சிக்கல் என்று உரக்க அளந்துகொண்டிருந்தார்கள். அரை மணியிலேயே ரூபெனின் முகம் சுண்டிப்போயிற்று.

"இங்க வேற ஒண்ணும் நடக்காதா?"

"ஏன் நடக்காது?" என்ற, பக்கத்தில் காத்திருந்த இனெஸ் கிழவி, புண் பழுத்த தன் காலை அவர் மூக்குக்கு நேரே தூக்கினாள். "எடுங்க தம்பி, நல்லா படம் எடுங்க!"

ரூபென் வாசலைப் பார்த்து ஓடினார்.

"திராட்சைத் தோட்டம் அந்தப் பக்கம், மகராசா!" என்று கத்திவிட்டு, அவர் விட்டுப்போன நாற்காலியில் டோரினா சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள்.